கணக்கில் வராத மிட்டாய்

என் அண்ணியை அவள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூ ஊசி அக்கா என்றால்தான் தெரியும். வருகிறவர் முழங்கையை நீட்டினால் போதும், ஒரு விரலால் தடவிப் பார்ப்பாள், "வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்பாள், அவர் எண்ணி முடிப்பதற்குள் குழாயில் ரத்தம் ஏறியிருக்கும். பக்கத்து அறையிலிருந்து வேறொருவர் குத்த வந்தால், "நான் காத்திருக்கேன், அக்காவே வரட்டும்" என்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள் உண்டு.

அந்த அறை பெரிய அறை ஒன்றும் இல்லை. கை வைக்கப் பலகை பூட்டிய நாற்காலி, தட்டு நிறைய சிவப்பும் ஊதாவும் மஞ்சளுமாக மூடி போட்ட குழாய்கள், குத்தி முடித்த ஊசிகளைப் போடுகிற மஞ்சள் டப்பா, எப்போதும் ஸ்பிரிட் வாசனை. ஊசி குத்துவதற்கு முன்னால் அவள் கேட்கும் கேள்விகள் எனக்கே மனப்பாடம். சாப்பிட்டீங்களா? ராத்திரி தூங்கினீங்களா? என்ன மாத்திரை போடறீங்க?

மூன்றாவது கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் "ஒண்ணும் இல்ல" என்பார்கள். அண்ணி விடமாட்டாள். "முடிக்கு, தோலுக்கு, நகத்துக்குன்னு ஏதாவது?" "ஓ, அதுவா! அதெல்லாம் மாத்திரையா?" "வாய்க்குள்ள போறது எல்லாமே கணக்குதாங்க."

அவள் சும்மா கேட்கவில்லை. தோல் பொலிவுக்கும் முடிக்கும் விற்கிற சத்துகளில் பயோட்டின் என்று ஒன்று இருக்கும். அது ரத்தத்தில் மிதமிஞ்சி இருந்தால் சில பரிசோதனைகளில் இயந்திரம் குழம்பிப்போய், குறைவாக இருப்பதை அதிகம் என்றும் அதிகமாக இருப்பதைக் குறைவு என்றும் சொல்லிவிடும். கூடத்தில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற மெஷின்காரர் எல்லோரையும் கூட்டி வைத்து இதைச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அண்ணி கேட்காமல் யாரையும் விட்டதில்லை. தன்னைத் தவிர.

'ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி' என்பார்கள். எங்கள் அண்ணி விழுந்த பானையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அண்ணியைவிட ஐந்து வயது இளையவன். எல்லோரையும் எதிர்த்துக் கட்டிக்கொண்டவன். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மீனும் பழமும் அடுக்கி வைக்கிற குளிர்பதனக் கிடங்கில் அவனுக்கு வேலை. கோட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டு நாளெல்லாம் குளிருக்குள் இருப்பவன். வெயில் என்றால் என்னவென்றே அவன் தோலுக்குத் தெரியாது. "உள்ளே வைக்கிற எதுவும் கெட்டுப்போகாதுல்ல, அதான் நானும் கெடல" என்று அவனே சொல்லிக்கொள்வான். நாற்பத்தைந்து வயதில் முப்பத்தைந்து மாதிரி இருப்பான். அண்ணி ஐம்பதில் ஐம்பத்தைந்து மாதிரி இருப்பாள். காலை ஐந்தரை மணி பஸ், நின்றபடியே வேலை, இரண்டு பிள்ளைகளை வளர்த்து வெளியூருக்குப் படிக்க அனுப்பியது, எல்லாம் முகத்தில்தானே வந்து உட்காரும்? வேறு எங்கே போகும்?

சில வருஷங்களுக்கு முன்னால் அண்ணிக்குப் படிக்கிற கண்ணாடி வாங்க இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். அண்ணி உட்கார்ந்திருக்க, அண்ணன் விளையாட்டாக ஒரு பிரேமை எடுத்து மாட்டிப் பார்த்தான். கடைப் பெண் அண்ணியிடம் திரும்பி, "உங்க பையனுக்கு இது எடுப்பா இருக்கும்மா, வாங்கிக் குடுங்க" என்றிருக்கிறாள்.

தெரியாமல் சொன்னாள், அவளை விடுங்கள். என் உடன்பிறப்பு என்ன செய்தான் தெரியுமா? அண்ணியின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, அம்மா, வாங்கிக் குடும்மா" என்றான். கடையே சிரித்தது. அண்ணியும் சிரித்தாள். கண்ணாடி வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை. வீட்டுக்கு நாலு பேர் வந்தால் அண்ணன் இந்தக் கதையை எடுப்பான். கடைப் பெண்ணின் குரல், அம்மாவிடம் அடம்பிடிக்கும் குழந்தையின் குரல், எல்லாம் ஏற்ற இறக்கத்தோடு. கதை வரவர நீண்டது. கடைசியில் அவன் கதைக்குள் கடைக்காரர் மிட்டாய்கூடக் கொடுத்துவிட்டார். அண்ணி டீ ஊற்றிக்கொண்டே சிரிப்பாள். அவளும் ரசிக்கிறாள் என்றே எல்லோரும் நினைத்தோம். அவன் கெட்டவன் இல்லை. பொண்டாட்டி மேல் உயிரையே வைத்திருப்பவன். ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. வாங்குகிற கைதட்டல் யார் வீட்டுக் காசு என்று யோசிக்கத் தெரியாதவன்.

பிறகுதான் அண்ணியின் பழக்கங்கள் ஒவ்வொன்றாக மாறின. முதலில் சர்க்கரை போனது. "சர்க்கரை தோலைச் சுருக்கிடுமாம்" என்றாள் என்னிடம், அதுவும் ரகசியமாக. ராத்திரிச் சாப்பாடு பாதியானது. நிழலிலும் குடை. ஒருக்களித்துப் படுத்தால் கன்னத்தில் மடிப்பு விழும் என்று யாரோ சொல்ல, மல்லாந்து மட்டுமே படுத்தாள். தூக்கத்தில் திரும்பிவிடாமல் இரண்டு பக்கமும் தலையணை. "உன் அண்ணி கட்டில்ல படுக்கறதில்ல, பார்சல் பண்ணி வெச்சிருக்கு" என்றான் அண்ணன். துணிக்குப் போடுகிற சோடா டப்பாவில், தோல் சுருங்காமல் இருக்க விற்கிற கொலாஜன் பொடி இருந்தது. டீயில் கலந்து குடிப்பாள். அந்த டப்பாவை அண்ணன் தொடவே மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவன் துணி துவைத்தால்தானே!

கடைசியாகச் சிரிப்பும் போனது. வாய்விட்டுச் சிரித்தால் கண்ணோரத்தில் கோடு விழுமாம். உதட்டை மட்டும் லேசாக அசைப்பாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "அண்ணி, யாருக்காக இந்தத் தவம்?" என்றேன். "எனக்காகத்தான்" என்றாள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தப்பான விடையைப் பார்த்தால் வழியையும் கேட்பது என் தொழில். அன்றைக்கு ஏனோ கேட்கவில்லை.

மிட்டாய் வந்தது இதற்கப்புறம். ஒரு பாட்டில். உள்ளே கரடிக்குட்டி வடிவத்தில், கடித்தால் ரப்பர் மாதிரி இழுபடுகிற சிவப்பு மிட்டாய்கள். பாட்டில் மேலே பழங்களின் படமும் சுருக்கமே இல்லாத ஒரு கன்னமும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். அண்ணியால் அதைப் படிக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கடைக்குப் போய் வந்த பிறகு அவள் கண்ணாடியே வாங்கவில்லை. கண்ணாடி போட்டால் இன்னும் வயசு தெரியும் என்று வைராக்கியம். வேலையில் நரம்பை விரலால்தான் தேடுவாள், குழாயில் ஒட்டுகிற சீட்டைக் கையை நீட்டி வைத்துப் படிப்பாள், சமாளித்துவிட்டாள்.

பாட்டிலைக் கூடத்தில் தன் அலமாரிக்குள் வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு இரண்டு என்று மட்டும் பெரிதாகப் போட்டிருந்ததாம். மிட்டாய்தானே, இரண்டு தின்றால் இரண்டு பங்கு, ஆறு தின்றால் ஆறு பங்கு பலன் என்று அவள் போட்ட கணக்கு. எல்லோரிடமும் "வாய்க்குள்ள போறது எல்லாமே கணக்கு" என்று சொல்கிறவள்தான்.

அரைச் சாப்பாட்டில் உடம்பு இளைத்தது. தூக்கம் கெட்டதால் நெஞ்சு படபடத்தது. சிரிப்பும் இல்லை. அண்ணன் பயந்துபோனான். கூடத்தில் ஒரு தோழி, "அக்கா, தைராய்டா இருக்கும், ஒரு குழாய் குடுங்க, பாத்துடலாம்" என்றாள். வேலை செய்கிறவர்களுக்குப் பரிசோதனை இலவசம். மதியம் கூட்டம் குறைந்ததும் ஒருவருக்கொருவர் எடுத்துக்கொள்வார்கள். வெளியாட்களிடம் கேட்கும் கேள்விகளை அவர்களுக்குள் கேட்டுக்கொள்வதில்லை. பூ ஊசி அக்காவிடம் யார் போய், என்ன மாத்திரை போடுகிறாய் என்று கேட்பார்கள்?

தைராய்டு சுரப்பி தறிகெட்டு ஓடுகிறது என்று முடிவு வந்தது. படித்துக்கொண்டு வருகிற உங்களுக்கு விஷயம் இந்நேரம் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை.

அந்த முடிவோடு ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள், நிதானமான மனுஷி. இளைத்த உடம்பு, படபடப்பு, இந்த ரத்தம், மூன்றையும் வைத்துப் பார்த்தார். "வேற மாத்திரை, மருந்து ஏதாவது?" என்று கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டான். "இவளா? தலைவலிக்குக்கூட மாத்திரை போடமாட்டா டாக்டர்." அண்ணி தலையாட்டினாள். அப்போது அவள் பொய் சொல்லவில்லை. மிட்டாய் அவள் நினைவில் மாத்திரையாகவே இல்லை.

சுரப்பியை அடக்க மாத்திரை கொடுத்தார்கள். நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்த சுரப்பி அது. அடக்கினால் என்ன ஆகும்? அண்ணியின் முகம் ஊதியது. தோல் வறண்டு செதில் செதிலாக உதிர்ந்தது. சும்மா இருந்தபோதாவது ஐம்பத்தைந்து மாதிரி இருந்தாள், இப்போது அறுபது. வெயில் நேரத்திலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டாள். அழுதுகொண்டே மிட்டாயைக் கூட்டினாள். மிட்டாய் கூடியதால் ரத்தம் மறுபடியும் சுரப்பி ஓடுகிறது என்றே சொன்னது. மாத்திரையையும் கூட்டினார்கள். முகம் இன்னும் ஊதியது.

கடைசியில் டாக்டரம்மா, "மாத்திரைக்கு அடங்கல. கதிர்வீச்சு மருந்து குடுத்துச் சுரப்பியையே ஒழிச்சிடறதுதான் வழின்னு பெரிய ஆஸ்பத்திரியில சொல்றாங்க. அதுக்கப்புறம் ஆயுசு பூரா அதுக்குப் பதிலா மாத்திரை போடணும்" என்றார். போனால் போனதுதான். திரும்பி வராது. அங்கே போகச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ள அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார்.

புதன்கிழமை காலையில் அண்ணியின் நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வங்கியில் வேலை செய்கிறவள். அண்ணி வழக்கம்போல் கேட்டாள். "மாத்திரை எதுவும் இல்லக்கா. தோலுக்கு இந்த மிட்டாய் மட்டும்" என்று பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். அதே பாட்டில். அதே கரடிக்குட்டி.

அண்ணி அதை வாங்கிக்கொண்டு நேராக மெஷின்காரரிடம் போனாள். "இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க." அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். "பயோட்டின். அடேயப்பா, இவ்வளவா! அந்தப் பொண்ணை இதை நிறுத்திட்டு அடுத்த வாரம் வரச் சொல்லுங்கக்கா. இதோட எடுத்தா தைராய்டெல்லாம் தப்புத் தப்பா வரும்."

அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டு அண்ணி கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாளாம். வெளியே வந்து மிச்சப் பேருக்கு ரத்தம் எடுத்தாள். அன்றைக்கு இரண்டு பேருக்கு வலித்தது என்று சொன்னார்கள். அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை.

மறுநாள் நானும் அவர்களோடு போனேன். விஷயம் எனக்குத் தெரியாது. அண்ணன் லீவு போட்டிருந்தான், ராத்திரி முழுக்கத் தூங்காத கண். டாக்டரம்மாவின் அறையில் மூன்று நாற்காலி, அண்ணி நடுவில். டாக்டரம்மா சீட்டை எழுத ஆரம்பித்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு அண்ணியின் முகத்தையே பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு இடிக்குதும்மா. ரத்தம், சுரப்பி ஓடுதுன்னு சொல்லுது. உங்க உடம்பைப் பார்த்தா தூங்குதுன்னு சொல்லுது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற ஏதாவது சாப்பிடறீங்களா?"

"அவ ஒண்ணும் சாப்பிடறதில்ல டாக்டர்" என்றான் அண்ணன். "சோறே சாப்பிடறதில்ல."

அண்ணி இரண்டு கையாலும் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா காத்திருந்தார். பிறகு மெல்லச் சீட்டை இழுத்து மறுபடியும் எழுதத் தொடங்கினார். கையெழுத்துப் போடுகிற இடம் வந்தது.

"மிட்டாய் சாப்பிடறேன்" என்றாள் அண்ணி.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். அண்ணி பையைத் திறந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள். "தோல் சுருங்காம இருக்க. ஆறு, ஏழு… சில நாள் அதுக்கு மேலயும். இதுல பயோட்டின் இருக்கு. நேத்துதான் தெரியும். டீயில ஒரு பொடியும் போட்டுக்கறேன்." அவள் குரல் ஆடவே இல்லை. பரிசோதனைச் சீட்டை வாசிக்கிற மாதிரி சொன்னாள்.

டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பிப் படித்தார். எழுதின சீட்டை இரண்டாகக் கிழித்தார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடித் திறந்தார். "நல்ல வேளை" என்றார். "ரெண்டையும் நிறுத்துங்க, என் மாத்திரையையும் சேர்த்து. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி ரத்தம் பார்க்கலாம்." பிறகு கோபமும் பரிவும் கலந்து கேட்டார். "இத்தனை பேருக்கு ரத்தம் எடுக்கறவங்க நீங்க. எதுக்கும்மா இதெல்லாம்?"

"இவருக்கு நான் அம்மான்னு ஒரு கடையில சொன்னாங்க டாக்டர். சொன்ன பொண்ணு தெரியாம சொல்லிடுச்சு, அதுமேல எனக்குக் கோபம் இல்ல. இவரு அதை வீட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் நடிச்சுக் காட்டுவாரு. ஒவ்வொரு தடவையும் நானும் கூடச் சிரிக்கணும்."

அண்ணன் மேஜை மேலிருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கதைக்கு நானும்தானே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

ரத்தம் பிறகு என்ன சொன்னது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிட்டாயை நிறுத்தி எடுத்துப் பார்த்தபோது, சுரப்பிக்கு நோய் எதுவும் இல்லை, கொடுத்த மாத்திரையால்தான் அடங்கிக் கிடந்தது என்று தெரிந்தது. சில மாதங்களில் தானாக நிமிர்ந்துகொண்டது. முகத்து வீக்கமும் வற்றியது. பழைய முகம் வந்தது, பழைய சுருக்கங்களோடு.

ஆனால் அன்றைக்கு அது எதுவும் எங்களுக்குத் தெரியாது. அறையை விட்டு வெளியே வந்ததும் அண்ணன் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். எழுந்திருக்கவில்லை. அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எதிரே ஒரு ஆயா தரையைத் துடைத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் காலைத் தூக்கி வழி விட்டார்கள்.

"சும்மா தமாஷுக்குத்தான் சொன்னேன்" என்றான் அண்ணன், தரையைப் பார்த்தபடி.

"தெரியும்."

"புடிக்கலன்னா ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல? இந்த மிட்டாயையாவது சொல்லியிருக்கலாம்ல? நேத்தே உனக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னிக்கு உள்ள வந்தும் எவ்வளவு நேரம் பேசாம உட்கார்ந்திருந்த! அந்தம்மா கையெழுத்துப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" அவன் குரல் உடைந்தது. "உடம்புல ஒரு பாகம் போனாலும் பரவால்லன்னு இருந்தியா? எதுக்கு?"

வெளியாட்கள் முன்னால் மட்டும்தான் அண்ணி அவனை 'அவர்', 'இவர்' என்பாள். தனியாக இருந்தால் எப்போதும் நீதான். நான் பக்கத்தில் நிற்பதை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"இந்த வயசுல, அழகா தெரியணும்னு ஒளிச்சு வெச்சு மிட்டாய் தின்னேன்னு உன்கிட்ட சொன்னா," என்றாள், "நீ அதையும் ஒரு கதையாக்கி எல்லாருக்கும் நடிச்சுக் காட்டிடுவியோன்னு பயமா இருந்துச்சுடா."

அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தாழ்வாரத்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவன் அவ்வளவு சத்தமாக அழுது நான் பார்த்ததே இல்லை.